முடிச்சுப் போட்ட வயர்

புதிதாக மைக் செட் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். இருபத்தேழு வருடம் மைக்குக்குப் பின்னால் நின்றவனிடம் வார்த்தை கேட்டால் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்பதற்கு மேல் என்ன வரும்? மூன்றுக்குப் பிறகு நாலு என்று ஒன்று இருப்பதே எனக்கு ஓய்வெடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஓய்வு என்றதும் நரைத்த தாடியோடு ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏணியில் ஏற மாட்டேன் என்று வலது முழங்கால் சொல்லிவிட்டது. அவ்வளவுதான். ஸ்பீக்கர் பொக்ஸ்களை விற்றுவிட்டுத் தன்னாமுனையில் வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு, றோட்டால் போகும் உங்கள் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யார் பொக்ஸைக் கவிழ்த்து ஏற்றியிருக்கிறான், யார் ஸ்டாண்டைக் கட்டாமல் கொண்டுபோகிறான் என்று குறை கண்டுபிடிப்பதுதான் இப்போது என் உத்தியோகம். நல்ல உத்தியோகம். கரண்ட் போனாலும் நிற்காது.

தொழில் நுணுக்கம் எதையும் நான் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்கள் போனிலேயே இருக்கிறது, என்னைவிட வடிவாக. நான் சொல்ல வந்தது பயத்தைப் பற்றி. அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் அம்ப்ளிபயருக்கு உயிர் வரவில்லை என்று, முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்க, அதைக் கழற்றி உறுப்பு உறுப்பாக மேசையில் பரப்பியவன் நான். பெண்ணின் தாய்மாமன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, என்னுடைய பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே ஐஸ்கிறீம் பெட்டியைக் குத்தியது தான்தான் என்றார். மாப்பிள்ளை தாலி கட்டும்போது மேளக்காரர்கள் தங்கள் சொந்தப் பலத்தில் அடித்தார்கள். ஐஸ்கிறீம் மட்டும் அன்று மிகவும் நன்றாக இருந்தது.

பயம் வந்தால் எனக்கு இரண்டு காரியம் நடக்கும். கை வேகமாகும், வாய் ஆட்களைச் சிரிக்க வைக்கப் பகிடி விடும். கை செய்யும் பிழையை வாய் மூடி மறைக்கும். இருபத்துநாலு வருடம் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துவந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, என் வாய் விட்ட பகிடி வேறொருவர் தலையில் போய் விழுந்தது. அந்தக் கதையை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பனிச்சங்கேணிப் பக்கம், வாவிக் கரையில், ஒரு சின்ன மீனவர் சங்கம். பேர் வேண்டாம். அவர்களுடைய பொதுக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மருத மரத்தடியில் தறப்பாள் பந்தல், முன்னுக்கு ஒரு மேசை, எதிரே பிளாஸ்டிக் கதிரைகள். சங்கத்துக்குப் புதிதாகத் தலைவி வந்திருந்தார். தவமணி அக்கா. அந்தச் சங்கத்தில் முதல் முதல் தலைமைக்கு வந்த பெண் அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும், என்னைவிட இளையவர், ஆனாலும் மரியாதைக்கு அக்கா. இடுப்பளவு தண்ணீரில் நின்று நண்டு வலை இழுக்கிறவர். சங்கத்தில் பெண்கள் கூடுதலாகச் சேர்ந்ததால் அவர் வென்றார் என்று சிலர் சொன்னார்கள். பொம்பிளை தலைவியானால் கூட்டம் வெள்ளெனவே, நேரத்தோடு முடியும் என்று நம்பி வாக்குப் போட்ட ஆண்களும் இருந்ததாக எனக்குப் பிறகு தெரியவந்தது.

அன்றைக்கு அவருக்கு முதல் கூட்டம். சும்மா கூட்டம் இல்லை. வாவி ஓரத்தில் கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு வளைவு இருக்கிறது. இறால் குஞ்சு வளர்கிற இடம். அந்த வளைவில் இரண்டு மாதம் யாரும் வலை போடக் கூடாது, குஞ்சு பெருத்த பிறகு எல்லாரும் சேர்ந்து பிடிக்கலாம் என்பது அவருடைய யோசனை. அதைக் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அங்கே வலை போடுகிறவர்கள் எல்லாரும் எதிரே கதிரையில் இருந்தார்கள். கேட்டு, கை உயர்த்தி முடிவு செய்ய வேண்டும். கேட்டு, என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டு பொக்ஸ் கொண்டுபோயிருந்தேன். என்னுடைய பொக்ஸ் ஒன்றுக்கு நெஞ்சுச் சளி, கொரகொரவென்று இழுத்தது. அதனால் உன்னிச்சையில் இருக்கும் என் நண்பனிடம் ஒன்று இரவல் வாங்கியிருந்தேன். அவன் குளத்தடி வயல் வட்டைகளுக்கு நடுவே கோயில் திருவிழா, கல்யாணம் என்று தொழில் செய்கிறவன். பொக்ஸையும் அதற்குரிய வயரையும் சுருட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து உப்புக் காற்றிலும் வெயிலிலும் ஸ்பீக்கர் வயரின் சிவப்பு நிறம் ஒரு வருடம்கூடத் தாங்காது. சிவப்பும் கறுப்பும் வெளிறி, இரண்டும் தேநீரில் தோய்த்த பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிடும். எது பிளஸ், எது மைனஸ் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு வயரின் நுனியில் முடிச்சுப் போட்டு வைப்போம். தடவிப் பார்த்தால் போதும், இருட்டிலும் தெரியும். என் பழக்கம், மைனஸில் முடிச்சு. கட்டுப்பட்டது, குறைந்தது, மைனஸ். எனக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி.

மேசைக்கு இடப் பக்கம் என்னுடைய பொக்ஸ். வலப் பக்கம், தேநீர் அடுப்புக்குக் கிட்ட, நண்பனுடையது. இரண்டு வயரிலும் முடிச்சைத் தடவினேன், முடிச்சு உள்ளதை மைனஸில் குத்தினேன். அம்ப்ளிபயரோடு இடப் பக்கப் பொக்ஸின் அருகிலேயே நின்று ஒண்டு, ரெண்டு, மூண்டு சொன்னேன். மணி மாதிரிக் கேட்டது. தேநீர் அடுப்படியிலிருந்து ஒருவர் கையை ஆட்டிக் காட்டினார். அங்கேயும் கேட்கிறது. வேலை முடிந்தது என்று ஒரு பிளேன்டீ எடுத்துக்கொண்டேன். அந்த பிளேன்டீயைக் குடித்து முடிக்கும் பாக்கியம் எனக்கு இல்லை.

தவமணி அக்கா எழுந்து வந்தார். கடதாசியை விரித்தார். வணக்கம் சொல்லி, கண்டல் வளைவைப் பற்றி வாசிக்கத் தொடங்கினார். எனக்கு நன்றாகக் கேட்டது. இடப் பக்கம் என் பொக்ஸுக்கு முன்னால் இருந்த பெண்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் போயிருக்கும். நடுவில் இருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். பின் வரிசையில் ஒருவர் சொன்னார்:

"என்ன இது, ஒண்டும் விளங்குதில்ல."

"எங்களுக்கு வடிவாக் கேக்குது. காதக் கழுவிப் போட்டு வாங்க," என்று பெண்கள் பக்கமிருந்து பதில் போனது.

நடுவில் இருந்தவர்களில் தவமணி அக்காவின் புருஷனும் ஒருவர். அவர் மெதுவாக, குறை சொல்லும் எண்ணமே இல்லாமல் சொன்னார்:

"வீட்டில எனக்கு வடிவாக் கேக்கும். இஞ்சதான் கேக்குதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் கை வேகமாகத் தொடங்கிவிட்டது.

சவுண்டைக் கூட்டினேன். பெண்கள் காதைப் பொத்தினார்கள், நடுவில் அதே குறை. இன்னும் கூட்டினேன். மைக் கூவென்று ஊளையிட்டது. மருத மரத்தில் இருந்த காகங்கள் ஊரைவிட்டே போவது மாதிரிப் போயின. குறைத்தேன். மைக்கை மாற்றினேன். பற்றரியை மாற்றினேன். பிறகு, பழைய பற்றரிதான் நல்லது என்று அதைத் திரும்பப் போட்டேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விரலை நனைத்து உயர்த்திப் பார்த்தேன். அதற்கு எந்த அர்த்தமும் இல்லை, தம்பிமாரே. பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்கிறேன் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சேட்டு முதுகோடு ஒட்டிவிட்டது.

அக்கா நிறுத்தி, நிறுத்தி, திரும்பத் தொடங்கினார். மூன்றாவது தடவை அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன செய்ய என்று கேட்கிற பார்வை. அந்த நேரத்தில் தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். நான் இரண்டாவது மைக்கை எடுத்தேன்.

"அக்கா, வாவிக்கு ரகசியம் சொல்லாதீங்க. எங்களுக்கும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

பந்தல் குலுங்கச் சிரித்தார்கள். அத்தனை நேரமும் எதுவும் கேட்காத நடுப் பகுதிக்கு அது மட்டும் எப்படியோ கேட்டது. கேட்காதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் இப்போது பிழை என்னுடைய மேசையில் இல்லை. அவருடைய தொண்டைக்குப் போய்விட்டது.

அக்கா கத்த முயன்றார். கத்தினால் அவருடைய குரல் உடைந்தது. உடைந்த குரலில் இறால் குஞ்சைப் பற்றி வாசிக்க, பின்னால் யாரோ இருமுவது போலச் சிரித்தார். கடதாசி பிடித்த கை இறங்கியது.

அப்போதுதான் செயலாளர் வடிவேல் அண்ணன் எழுந்தார். அவரைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் நினைக்காதீர்கள். நல்ல மனுஷன். குரல்தான் பெரியது. கரையில் நின்றுகொண்டு வாவி நடுவில் நிற்கும் தோணிக்காரனிடம், இரவைக்கு என்ன கறி என்று போன் இல்லாமல் விசாரிக்கக் கூடியவர். அவர் உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்:

"தங்கச்சி, கடதாசியத் தாங்க, நான் வாசிச்சு விடுறன். மறுகா வாற கூட்டங்களையும் நானே நடத்துறன். நீங்க தலைவியா இரிங்க, அதுல ஒரு பிரச்சினையும் இல்ல."

நடுவிலிருந்து ஓம், ஓம் என்று கேட்டது. அது நல்லதுதான், அக்காவுக்கும் கரைச்சல் இல்லை என்றார்கள். முதல் கூட்டத்தில் அப்படி ஒரு பழக்கம் விழுந்துவிட்டால், பிறகு அந்தக் கதிரையில் அவருடைய பேர்தான் இருக்கும், அவர் இருக்க மாட்டார். அது எனக்கே விளங்கியது.

அக்கா ஒரு வசனம்தான் சொன்னார், மைக் இல்லாமல். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"நான் வாசிக்கிறதுக்குத்தான் எழுதினன்."

சொல்லிவிட்டுக் கடதாசியைக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வலப் பக்கப் பொக்ஸைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்ற சாட்டோடு பந்தலின் பின்பக்கத்தால் போனேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஒளிந்துகொள்ளப் போனேன். போகிற வழியில் கால் வயரில் சிக்கியது. நான் விழவில்லை. வயர்தான் பொக்ஸின் பின்னாலிருந்து கழன்று வந்தது. மேசையில் வடிவேல் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். டொக், டொக்.

"மனே, இப்ப கேக்குது," என்றார் நடுவிலிருந்து தவமணி அக்காவின் புருஷன். எங்கள் பக்கத்தில் எந்த வயது ஆணும் மகன்தான், மனே.

ஒரு பொக்ஸ் செத்துக் கிடக்கிறது. இவர் இப்போதுதான் கேட்கிறது என்கிறார். மனுஷனுக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒழுங்கான தொழிலாளி மாதிரி வயரைத் திரும்பக் குத்தினேன். மைக்கைத் திரும்பத் தட்டினார்கள்.

"இப்ப இல்ல."

பிடுங்கினேன்.

"ஆ, இப்ப சரி."

குத்தினேன்.

"போட்டுக் குழப்பாத மனே. ஒண்டில கேக்க விடு, இல்லாட்டி விடாத."

இரண்டு பொக்ஸ் வேலை செய்யும்போது கேட்காதது, ஒன்று செத்தால் கேட்கிறது. நான் அந்த இடத்திலேயே குந்தினேன். வயர் நுனியைத் தடவினேன். முடிச்சு இருந்தது. ஆனால் வெளிறிப் போன அந்த வயரைத் திருப்பி, வெயில் படாத உள்பக்கத்தைப் பார்த்தேன். முடிச்சுப் போட்ட வயரில் மெல்லிய சிவப்பு.

உன்னிச்சைக்காரன் பிளஸில் முடிச்சுப் போடுகிறவன்.

அவனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதைப் பிறகு போனில் அரை மணி நேரம் கேட்டேன். முடிச்சு என்றால் ஏதோ கூடுதலாக இருக்கிறது, ஆகவே அது பிளஸ். மைனஸில் என்ன இருக்கிறது முடிச்சுப் போட என்று கேட்டான். இருபது வருடப் பழக்கம், ஒரே தொழில், ஒரு நாளும் இதை நாங்கள் கதைத்ததில்லை.

உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். என் பொக்ஸ் காற்றை முன்னுக்குத் தள்ளும்போது அவனுடையது பின்னுக்கு இழுத்தது. பொக்ஸுக்குக் கிட்ட இருந்தவர்களுக்கு அவரவர் பொக்ஸ் கேட்டது. பெண்களுக்குக் கேட்டது, தேநீர் அடுப்படிக்குக் கேட்டது, எனக்கும் கேட்டது. நடுவில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றை ஒன்று விழுங்கி, ஓட்டைப் பானைக்குள் இருந்து யாரோ பேசுகிற மாதிரி ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தது. முடிவு செய்ய வேண்டியவர்கள் எல்லாரும் நடுவில் இருந்தார்கள். நான் அந்த நடுவுக்கு ஒரு தரம்கூடப் போகவில்லை.

வயரை மாற்றிக் குத்தப் பத்து செக்கன் போதும். கையில் வயர் இருக்கிறது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எந்த வேலையிலும் இப்படி ஒரு பத்து செக்கன் வரும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கை மாற்றப் போனது. மாற்றினால் என்ன நடக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. வடிவேல் அண்ணன் வாயைத் திறப்பார். கணீரென்று கேட்கும். தலைவி வாசித்தபோது கேட்கவில்லை, செயலாளர் வாசித்தபோது கேட்டது. அந்தக் கரையில் அது ஒரு சட்டமாகிவிடும். நான் பிழையைத் திருத்துவேன், திருத்தியதாலேயே அது அக்காவின் பிழையாக நிரந்தரமாகிவிடும்.

இரண்டாவது யோசனையும் வந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, என் புத்தி அப்படி. மாற்றாமல் அப்படியே விட்டால், வடிவேல் அண்ணனும் ஓட்டைப் பானைக்குள் போவார். பிறகு கூட்டத்தை ஒத்திவைப்பார்கள். நான் கரண்ட் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பொக்ஸைக் கட்டிக்கொண்டு போகலாம். அழகான யோசனை. ஒரு பிழை மட்டும் இருந்தது. அக்காவின் முகத்தில் விழுந்த சிரிப்பு அங்கேயே இருக்கும். அந்தச் சிரிப்பை மைக் போட்டு அனுப்பியவன் நான்.

எழுந்தேன். பந்தலுக்குள் நுழைந்து, கதிரைகளுக்கு இடையால், நடுவுக்கு நடந்தேன். என் வாழ்க்கையில் மைக் இல்லாமல் கூட்டத்தில் பேசியது அன்றுதான். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"பிழை என்ட. அக்காட குரல்ல ஒண்டும் இல்ல. வயர மாத்திக் குத்திட்டன்."

தப்புவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். ஒரு தோணியில் இரண்டு பேர் துடுப்புப் போடுகிறார்கள், ஒருவன் முன்னுக்கு, மற்றவன் பின்னுக்கு, தோணி போகுமா என்று கேட்டேன். அது நின்ற இடத்திலேயே சுற்றும் என்றார் ஒருவர். அந்த இரண்டு பொக்ஸும் அதுதான் செய்கின்றன, நீங்கள் எல்லாரும் இப்போது சுற்றுகிற தோணிக்குள் இருக்கிறீர்கள் என்றேன். கொஞ்சப் பேர் திரும்பி இரண்டு பக்கமும் பார்த்தார்கள். இன்னும் நம்பவில்லை.

வயர் இன்னும் பிழையாகத்தான் குத்தியிருந்தது. வடிவேல் அண்ணனிடம் முதல் வசனத்தை வாசித்துக் காட்டும்படி கேட்டேன். கத்தாமல், வீட்டில் கதைக்கிற மாதிரி. வீட்டில் அவர் கதைப்பதில்லை, கூப்பாடுதான் போடுவார் என்று பெண்கள் பக்கமிருந்து அவருடைய மனைவியே சொன்னார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மைக்குக்குக் கிட்டப் போய், அடக்கமாக வாசித்தார். இடப் பக்கம் பெண்கள் கேட்கிறது என்றார்கள். நடுவில் அவருடைய உதடு அசைந்தது. குரல் பானைக்குள் போய்விட்டது. அவர் நிறுத்தி, நடுவில் இருந்த முகங்களைப் பார்த்தார். தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கு அந்த முகங்களில் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் அக்கா பார்த்ததும் அதே முகங்களைத்தான்.

பிறகு அவர் என்னைப் பார்த்து, மைக் இல்லாமல், வழக்கமான குரலில் சொன்னார்:

"என்ட குரலையே விழுங்கிட்டியே மனே. நீ பெரிய ஆள்தான்."

கடதாசியைத் தவமணி அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார்.

நான் ஓடிப்போய் வயரை மாற்றிக் குத்தினேன். திரும்ப நடுவுக்கு வந்து நின்றேன். அக்கா எழுந்தார். இந்த முறை கத்தவில்லை, தொண்டையைச் செருமவும் இல்லை. கடதாசியைப் பார்க்காமல் நேரே என்னைப் பார்த்துச் சொன்னார்:

"வாவிக்குச் சொன்ன ரகசியத்த இப்ப உங்களுக்கும் சொல்லுறன்."

ஒவ்வொரு சொல்லும் வந்து சேர்ந்தது. அவருடைய குரல் நிதானமானது, கொஞ்சம் தடித்தது. அது சின்னக் குரலே இல்லை. பந்தல் சிரித்தது. இந்த முறை சிரிப்பு வந்து விழுந்த இடம் என் தலை. அது இருக்க வேண்டிய இடம்தான். நானும் நன்றாகச் சிரித்தேன். பயம் போனபிறகு வருகிற சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

அவர் முதலிலிருந்து வாசித்தார். கேட்டவுடன் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படியில்லை. கேட்டதால்தான் சண்டை பிடித்தார்கள். இரண்டு மாதம் அங்கே வலை போடாமல் என்ன செய்வது என்று கேட்டார்கள். வெளியூர்த் தோணி வந்தால் யார் மறிப்பது என்று கேட்டார்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், சிலதுக்குத் தெரியாது என்றும் சொன்னார். அந்தத் தெரியாது மைக்கில் மிகவும் தெளிவாகக் கேட்டது. நான் சொல்லாமல் விட்ட சொல். தோணியில் முறை வைத்துக் காவல் போகலாம், முதல் வாரம் தானே போவதாக வடிவேல் அண்ணன் சொன்னார். கடைசியில் கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் இல்லை, போதுமான கைகள். அக்காவின் புருஷன் கடைசியாக உயர்த்தினார். வீட்டில் ஏற்கனவே கேட்டதுதானே, அவசரம் இல்லை என்றார்.

போகும்போது நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை பகிடி இல்லாமல். அவர் என் கையில் ஒரு புதுப் பிளேன்டீயைத் தந்தார். பழையது ஆறியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

உன்னிச்சைக்காரனும் நானும் பிறகு முடிச்சை விட்டுவிட்டோம். யார் பழக்கத்தை யார் எடுப்பது என்று முடிவுக்கு வர முடியாததால், இரண்டு பேரும் பிளஸ் நுனியில் சிவப்பு நெயில் பொலிஷ் பூசத் தொடங்கினோம். உப்புக் காற்றுக்கும் வெயிலுக்கும் அசையாது. கடையில் நான் நெயில் பொலிஷ் வாங்கியதை யாரோ கண்டு என் மனைவியிடம் சொல்லி, வீட்டில் இரண்டு நாள் ஓட்டைப் பானை நிலைமை இருந்தது. அது வேறு கதை. இரவல் பொக்ஸ் என்றால் அதற்கு மேலேயும் ஒரு காவல் வைத்தேன். சேட்டுப் பையில் ஒரு டோர்ச் பற்றரி. வயரில் தொட்டால் ஸ்பீக்கர் முன்னுக்கு வருகிறதா பின்னுக்குப் போகிறதா என்று பார்க்கலாம். யாருடைய முடிச்சையும் நம்பத் தேவையில்லை.

பற்றரியை நீங்கள் மறந்தாலும் பரவாயில்லை. மேசையில் நின்று ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லிவிட்டு பிளேன்டீ எடுக்காதீர்கள். போய் நடுவில் இருந்து பாருங்கள். கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால் முதலில் உங்கள் வயரைச் சந்தேகியுங்கள், பேசுகிறவரின் தொண்டையைக் கடைசியில். அதற்கும் பிறகு வேண்டுமானால் பகிடி விடுங்கள், உங்கள் தலையில் விழுகிற மாதிரி.

அந்தச் சங்கம் அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டது. பந்தலின் நடுவில் ஒரு கதிரையை வெறுமையாக விடுவார்கள். அது சவுண்ட்காரனுடைய கதிரை. நான் அதில் இருந்து கையை உயர்த்தும்வரை தவமணி அக்கா தொடங்க மாட்டார். இரண்டு தரம் நான் வேண்டுமென்றே கையை உயர்த்தாமல் இருந்து பார்த்தேன். அவர் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது தரம் முயலவில்லை.

போன மாதமும் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேலைக்கு அல்ல, வந்து போகச் சொன்னார்கள். கண்டல் வளைவை இந்த வருடமும் மூடுவதைப் பற்றிய கூட்டம். இப்போது அதற்கு யாரும் அவ்வளவு சண்டை பிடிப்பதில்லை, எத்தனை மாதம் என்பதில்தான் சண்டை. உங்களில் ஒரு தங்கச்சி பொக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான் குறை கண்டுபிடிக்கும் ஆசையோடு நேரே போய் அந்த நடுக் கதிரையில் இருந்தேன். பழைய உரிமை. அவர் ஒண்டு, ரெண்டு, மூண்டு சொல்லச் சொல்லித் தவமணி அக்காவின் கையிலேயே மைக்கைக் கொடுத்துவிட்டு, கதிரைகளுக்கு இடையால் நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணன், கொஞ்சம் ஒழும்புங்க. இது என்ட கதிரை."

ஒழும்பினேன்.